பைன் பட்டைக்குள் ஒரு படையெடுப்பு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1990களில் தொடங்கிச் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைத் தாக்கிய பூச்சி ஓர் அரிசி அளவுதான் இருக்கும். மலைப் பைன் வண்டு என்று பெயர். கறுப்பு நிறம், நீளம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். வாழ்நாளில் பெரும்பகுதியை மரப்பட்டைக்கு அடியிலேயே கழித்துவிடுகிறது.

கோடையில் பெண் வண்டுதான் முதலில் வந்து துளையிடும். லாட்ஜ்போல் பைன் மரமும் சும்மா இருப்பதில்லை. பிசினைச் சுரந்து வண்டை வெளியே தள்ளப் பார்க்கும். ஒன்றிரண்டு வண்டுகள் என்றால் வலுவான மரம் வென்றும்விடும். ஆனால் அந்தப் பிசினிலுள்ள ஆல்ஃபா பைனீன் என்ற பொருளையே வண்டு தன் உடலில் மாற்றி, மணமாக வெளியே விடுகிறது. மற்ற வண்டுகளுக்கு அதுவே அழைப்பு. நூற்றுக்கணக்கில் வந்து மொய்த்துத் துளைக்க, மரத்தின் பிசின் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. தற்காப்புக்குச் சுரந்ததைக் கொண்டே எதிரிப் படை திரள்வதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கூட்டம் மிகுந்ததும் வேறொரு மணம் பரவி, புதிதாக வருபவற்றை வேறு மரத்துக்குத் திருப்பிவிடும்.

வண்டின் வாயருகே உள்ள நுண்பைகளில் நீலக்கறைப் பூஞ்சையின் வித்துகளும் வருகின்றன. பூஞ்சை மரத்துக்குள் பரவி நீரோட்டத்தை அடைக்கும். வண்டின் புழுக்களுக்கு உணவாகவும் ஆகும். உள்பட்டையில் பெண் வண்டு மேல்நோக்கிக் குடைந்து, வழியின் இருபுறமும் முட்டையிடுகிறது. பொரித்த புழுக்கள் பக்கவாட்டில் தின்றுகொண்டே போகின்றன. இலைகள் தயாரிக்கும் உணவு கீழிறங்கும் பாதை அந்த உள்பட்டைதான். அது அறுபட்டால் மரம் பிழைப்பதில்லை.

குளிர்காலத்தைப் புழு, உடல் உறையாமல் காக்கும் கிளிசராலின் துணையால் தாங்குகிறது. நடுக்குளிரில் அதைப் பெருமளவில் கொல்ல மைனஸ் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய கடுங்குளிர் வேண்டும். பிறகு கூட்டுப்புழுவாகி, அடுத்த கோடையில் புது வண்டாகப் பறந்துவிடும். மரத்தின் ஊசியிலைகள் முழுதாகச் சிவப்பதும் அந்தச் சமயத்தில்தான். அதனால் செந்நிற மரங்களை மட்டும் தேடி வெட்டினால் வண்டைப் பிடிக்க முடியாது. பச்சை மரத்தின் பட்டையில் பிசின் கட்டிகளையும் அடியில் மரத்தூளையும் தேட வேண்டும்.

இந்த வண்டு அந்தக் காடுகளின் பூர்வகுடி. முன்பெல்லாம் கடுங்குளிர் அதன் பெருக்கத்தை அடக்கிவைத்தது. புவி வெப்பமாவதால் அத்தகைய குளிர் அரிதாகிவிட்டது. காட்டுத்தீயைப் பல பத்தாண்டுகள் அணைத்துவந்ததால் முதிர்ந்த பைன்களும் நெருங்கிப் பெருகின. இரண்டும் மனிதர் செயல். அழிவின் பெரும்பொறுப்பு நம்முடையது என்பதே என் முடிவு. ராக்கி மலைகளைத் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குள் நுழைந்த வண்டு, அங்கே ஜாக் பைன் மரங்களையும் தாக்கத் தொடங்கிவிட்டது. ஜாக் பைன் காடுகள் கிழக்கே அட்லாண்டிக் பகுதிவரை பரவியிருக்கின்றன.