கைப்பேசி விளையாட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று நெசவாளரும் விவசாயிகளும் தம் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தனர். கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியவர்களும் உண்டு; தவணைக் கடனில் வாங்கியவர்களும் உண்டு. பள்ளிகள் திறந்து ஆண்டுகள் சில சென்றுவிட்டன. ஆயினும் பிள்ளைகளின் கையினின்றும் கைப்பேசி இறங்கவில்லை. இதனால் விளையும் நன்மை தீமைகளை அங்கத்தினர்கள் நிதானமாக ஆராய்தல் அவசியம்.

விளையாட்டு என்றாலே தீது என்பது பொருந்தாது. விரைந்து செயற்பட வேண்டிய வீடியோ விளையாட்டுகளில் பழகியோருக்குப் பார்வையின் கவனத்திறன் மிகுவதாக 2003-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் எழுதினர். இணையத்தின் வாயிலாகத் தொழில் நுணுக்கம் கற்ற வாலிபர்களும் உளர். அளவு மீறுவதிலேயே கேடு உள்ளது.

சடுகுடு ஆட்டம் பொழுது சாய்ந்தால் கலைந்துவிடும். கைப்பேசி விளையாட்டுகளிற் பலவோ முடிவே இல்லாதவாறு அமைக்கப்பட்டவை. நாள்தோறும் வருபவனுக்குப் பரிசு உண்டு. ஒரு நாள் தவறினால் இழப்பு உண்டு. எப்பொழுது கிட்டும் என்று அறிய முடியாத வெகுமதியும் உண்டு. இம்மூன்றும் மனத்தைக் கட்டும் கயிறுகள். தன்னை அடக்கியாள உதவும் மூளைப் பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டியே முதிர்ச்சி பெறுகிறது. பெரியோர்க்கே அரிதான அடக்கத்தைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் எதிர்பார்த்தல் நியாயமன்று.

முதலிற் கெடுவது உறக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நள்ளிரவு வரை விளையாடுபவனுக்குக் காலையில் வகுப்பும் இல்லை. தறியில் உதவி புரியத் தெம்பும் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம் பெற்றுள்ளது. அடக்க இயலாமை, கடமைகளைப் புறக்கணித்தல், கேடு கண்டும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதமேனும் நீடித்தாலே அது நோயெனப்படும். ஆகவே மாலையில் சிறிது நேரம் ஆடும் பிள்ளையைக் குறித்துக் கலங்க வேண்டுவதில்லை.

அடுத்தது பொருள் நஷ்டம். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-இல் இயற்றப்பட்ட மத்திய சட்டம் தடை விதித்தது. எனினும் சாதாரண விளையாட்டுகளிலும் ஆயுதம், ஆடை எனக் கற்பனைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. வங்கிக் கணக்கு இணைந்த கைப்பேசியின் இரகசிய எண்ணைப் பிள்ளைகள் அறியலாகாது.

சட்டம் மட்டும் போதுமா? தென் கொரியா 2011-இல், 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தடுத்தது. கைப்பேசி விளையாட்டுகள் அதன் பிடிக்குள் அகப்படவில்லை. பெற்றோர் பெயரில் நுழைந்த சிறுவரும் உண்டு. 2022-இன் தொடக்கத்தில் அத்தடை நீங்கியது.

ஒரு வீட்டார் மட்டும் கட்டுப்பாடு விதித்தால், "கூட்டாளிகள் எல்லாரும் ஆடுகிறார்களே!" என்று பிள்ளை ஏங்குவான். தெருவிலுள்ள பத்து வீட்டார் கூடி, இரவு 9 மணிக்கு மேல் கைப்பேசி எவர் கையிலும் இராது என்று தீர்மானித்தால் அவ்வேக்கத்துக்கு இடமில்லை. பெரியோரும் அவ்விதிக்கு உட்படவேண்டும். மாலையில் பந்தாட ஒரு திடலும், படிக்க ஒரு வாசகசாலையும் ஏற்பாடு செய்தல் சங்கங்களால் ஆகக்கூடியதே. தனியொருவரால் ஆகாததைக் கூடிச் செய்வதற்கன்றோ சங்கம் கண்டோம்? அடுத்த மகாசபையில் இப்பொருளை எடுத்துப் பேச அங்கத்தினர்கள் முன்வருவார்களாக.