அடங்காத விறைப்பு: சிக்கிள் செல் நோயில் ஹார்மோன் சிகிச்சை எதுக்கு?

ஆசையும் இல்லை, தூண்டுதலும் இல்லை. ஆனாலும் நடுராத்திரியில் வலியோடு விறைப்பு வரும், சட்டென அடங்காது. சிக்கிள் செல் ரத்தசோகை உள்ள ஆண்கள் பலர் வெளியே சொல்லக் கூச்சப்படும் இந்தப் பிரச்சினையின் பெயர் பிரியாபிசம்.

என்ன நடக்குது?
அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்கள், ஆணுறுப்பிலிருந்து ரத்தம் வெளியேறும் வழியை அடைக்கின்றன. அவை உடைவதால், ரத்தக்குழாய்களைச் சீராக வைக்கும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது.

ஹார்மோன் எதுக்கு?
விறைப்பில் டெஸ்டோஸ்டிரோனுக்குப் பங்கு உண்டு. அதைக் குறைத்தால் பிரச்சினை திரும்பத் திரும்ப வருவது குறையலாம். 1985-ல் வெளியான ஜமைக்கா ஆய்வில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஈஸ்ட்ரோஜன் மருந்து பலன் தந்தது. லியூப்ரோலைடு ஊசி, பைகலூட்டமைடு மாத்திரையும் தரப்படுகின்றன. ஆனால், பெரிய ஆய்வுகள் குறைவு.

பக்கவிளைவு?
ஆசை குறையும், மார்பு பெருக்கலாம், எலும்பு பலவீனமாகலாம், விந்தணுவும் குறையலாம். அதனால் வளரும் பையன்களுக்கும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கும் டாக்டர்கள் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?
விறைப்பு 4 மணி நேரத்தைத் தாண்டினால் அது எமர்ஜென்சி. அப்போது ஹார்மோன் மருந்து உதவாது. அது அடுத்த முறை வராமல் தடுக்கத்தான். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் ஆண்மைக்குறைவு நிரந்தரமாகிவிடலாம்.