முகம் பார்த்து ஆளைச் சொல்லும் கம்ப்யூட்டர்
சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரியின் நாற்பது ஆண்டு ஆராய்ச்சி

(நமது டில்லி நிருபர்)

நவம்பர் மாதம் வந்துவிட்டால் பென்ஷன்காரர்களுக்கு ஒரே கவலைதான். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று சர்க்காருக்குச் சான்று கொடுத்தாக வேண்டும். முன்பெல்லாம் இதற்காக பாங்கு வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டும். 2014-ல் 'ஜீவன் பிரமாண்' திட்டம் வந்தபோது, விரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். ஆனால் ஆயுள் முழுதும் சம்மட்டி பிடித்த கேங்மேனுக்கும், வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்த அம்மாளுக்கும் ரேகை எங்கே மிஞ்சியிருக்கிறது? 2021 நவம்பரில் இதற்கு ஒரு வழி பிறந்தது. செல்போனை முகத்துக்கு நேரே பிடித்து, சொன்னபடி கண்ணைச் சிமிட்டினால் போதும். ஆள் இவர்தான் என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்கிறது.

முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் இந்த வித்தையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுக்க, உலகம் பூராவும் எத்தனையோ விஞ்ஞானிகள் உழைத்திருக்கிறார்கள். அவர்களில் முன்வரிசையில் இருப்பவர்களுள் ஒருவர் பேராசிரியர் ராமா செல்லப்பா. முழுப் பெயர் ராமலிங்கம் செல்லப்பா. பெயரே ஊரைச் சொல்லும்.

இவர் 1975-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஈ. (ஆனர்ஸ்) தேறியவர். 1977-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மேல்பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று, 1981-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பத்தாண்டுகள் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலும், 1991 முதல் மேரிலாந்து பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தினார். 2020-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார்.

பக்கத்துப் புள்ளி சொல்லும் செய்தி

ஒரு போட்டோவை நாம் பார்த்தால் அம்மா, அப்பா, ஆட்டுக்குட்டி என்று சொல்லிவிடுவோம். கம்ப்யூட்டருக்கு அது வெறும் எண்களின் கூட்டம். கறுப்பு வெள்ளைப் படத்தை ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் கொடுப்பது வழக்கம். முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255. இந்த எண்களைப் பார்த்து இது செங்கல் சுவர், இது புல்தரை என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் செல்லப்பாவின் ஆரம்ப கால ஆராய்ச்சி. தம் ஆசிரியர் ரங்கசாமி காஷ்யப்புடன் சேர்ந்து இதில் இறங்கினார். ஒரு புள்ளி என்ன எண்ணாக இருக்கும் என்பதை அதைச் சுற்றியுள்ள புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு ஊகிக்கலாம் என்பது அடிப்படை. எங்கள் ரெயில்வே பாஷையில் சொல்கிறேன். ரிசர்வேஷன் சார்ட்டில் ஒரே டிக்கெட்டில் கீழ் பெர்த்தில் 45 வயது ஆண், மேல் பெர்த்தில் 40 வயதுப் பெண்மணி என்றிருந்தால், நடு பெர்த்தில் இருப்பது பெரும்பாலும் அவர்கள் பிள்ளையாகத்தான் இருக்கும். சில சமயம் மாமியாராகவும் இருக்கலாம். ஊகம் என்றால் அப்படித்தான். பக்கத்துப் புள்ளிகளில் எத்தனையைக் கேட்டால் ஊகம் சரியாக வரும் என்பதைத்தான் இவர்கள் கணித முறையில் ஆராய்ந்தார்கள். 1983-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

முகம் என்றால் சிக்கல்

சுவரும் புல்தரையும் அசையாமல் இருக்கும். முகம் அப்படியல்ல. வெயிலில் ஒரு மாதிரி, டியூப் லைட்டில் வேறு மாதிரி. சிரித்தால் மாறும், திரும்பினால் மாறும், வயதானால் அடியோடு மாறும். அமெரிக்காவில் 1960-களில் உட்ரோ பிளெட்சோ என்பவர் இந்த முயற்சியைத் தொடங்கியபோது, கண் எங்கே, வாய் எங்கே என்று மனிதர்தான் ஒவ்வொரு போட்டோவிலும் குறித்துத் தரவேண்டியிருந்தது. 1973-ல் ஜப்பானில் தகேயோ கனாதே, அதையும் கம்ப்யூட்டரே செய்யும்படி ஆக்கினார்.

1997-ல் செல்லப்பாவும் அவரது மாணவரும் வெளியிட்ட ஆராய்ச்சி இந்தத் துறையில் பெயர் பெற்றது. எல்லா முகத்திலும் இரண்டு கண், ஒரு மூக்கு உண்டு. பொதுவாக இருப்பதைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. ஒரே ஆளின் பல படங்களுக்குள் வேற்றுமை குறைவாகவும், வெவ்வேறு ஆட்களுக்கிடையே வேற்றுமை அதிகமாகவும் தெரியும் அம்சங்கள் எவை? அவற்றை மட்டும் பொறுக்கி எடு என்பது அதன் சாரம்.

2012-க்குப் பிறகு காற்று வேறு பக்கம் அடித்தது. எதைப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிக் கொடுப்பது போய், லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளும் முறை ஓங்கியது. நாற்பது வருஷம் ஒரு பாதையில் நடந்தவர்கள் சிலர் இந்த மாதிரி சமயத்தில் ஒதுங்கிவிடுவதுண்டு. செல்லப்பா ஒதுங்கவில்லை. புதிய முறையிலேயே தம் மாணவர்களுடன் இறங்கினார்.

அதன் பலன் 2018-ல் தெரிந்தது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமும் இவரது குழுவும் பிறரும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினர். ஐந்து கண்டங்களிலிருந்து 184 பேர். அவர்களில் 87 பேர் போட்டோவை ஒப்பிட்டுக் கோர்ட்டுக்குச் சான்று சொல்லும் துறையில் பயிற்சி பெற்றவர்கள். கடினமான 20 ஜோடிப் படங்களைக் கொடுத்து, ஒரே ஆளா, வேறு ஆளா என்று கேட்டார்கள். நான்கு கம்ப்யூட்டர் முறைகளிடமும் அதே கேள்வி. சிறந்த கம்ப்யூட்டர், சிறந்த நிபுணருக்குச் சமமாக நின்றது. இதைவிட முக்கியம் அடுத்த முடிவு: இரண்டு நிபுணர்கள் கூடிச் சொன்னதைவிட, ஒரு நிபுணரும் ஒரு கம்ப்யூட்டரும் சேர்ந்து சொன்னது அதிகம் சரியாக இருந்தது.

டில்லியில் நடந்தது

அந்த 2018-லேயே நம் டில்லியில் என்ன நடந்தது? காணாமல் போன குழந்தைகளின் படங்களை, விடுதிகளில் உள்ள சுமார் 45 ஆயிரம் குழந்தைகளின் படங்களுடன் போலீசார் கம்ப்யூட்டர் மூலம் ஒப்பிட்டனர். நான்கே நாளில் ஏறக்குறைய 3 ஆயிரம் குழந்தைகள் அடையாளம் தெரிந்ததாகச் செய்தி வந்தது. பிள்ளையைத் தொலைத்த எத்தனை தாய்மார்களுக்கு அன்று வயிற்றில் பால் வார்த்திருக்கும்! ஆனால் பின்னர் ஐகோர்ட்டில் வெளியான கணக்கு வேறு. வெற்றி 2 சதவீதம்தான் என்று தெரிவிக்கப்பட்டது. 2019-ல் அது 1 சதவீதத்தையும் எட்டவில்லை. ஆண் குழந்தை எது, பெண் குழந்தை எது என்றுகூட யந்திரத்துக்குப் பிரிக்கத் தெரியவில்லை என்று அரசுத் தரப்பே சொன்னது. செல்லப்பாவை இதில் இழுக்கவில்லை. ஒரு வித்தை ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பது வேறு, போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவது வேறு.

நம் ஜனங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே 2018-ல் அமெரிக்காவில் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் யந்திரங்களைச் சோதித்தார்கள். வெள்ளை நிற ஆண்களிடம் தவறு 0.8 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. கருத்த நிறப் பெண்களிடமோ 34.7 சதவீதம் வரை போயிற்று. யந்திரம் எந்த முகங்களை அதிகம் பார்த்துக் கற்றதோ, அந்த முகங்களைத்தான் நன்றாக அறியும். நம் நிறம் நமக்குத் தெரியும்.

2022-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டதற்கு, முகம் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஆள் பொருந்தியதாக எடுத்துக்கொள்வோம் என்று டில்லி போலீஸ் பதில் கொடுத்தது. 80 சதவீதம் என்றதும் பரீட்சை மார்க் நினைவு வரும். அது அப்படியல்ல. இரு படங்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவுதானே தவிர, யந்திரம் சொன்னது சரி என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அண்ணன் தம்பி முகங்கள் எவ்வளவு ஒத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செல்லப்பா 2022-ல் ஒரு பத்திரிகையாளருடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தின் தலைப்பே ஒரு கேள்விதான்: செயற்கை அறிவை நாம் நம்பலாமா? 2020-ல் மின் எஞ்சினீயர்களின் உலக சங்கம் அவருக்கு ஜாக் கில்பி பதக்கம் அளித்தது. 2023-ல் அமெரிக்க தேசிய எஞ்சினீயரிங் அகாடமி அவரை உறுப்பினராக்கியது.

டில்லி விமான நிலையத்தில் 2022 டிசம்பர் 1 முதல் 'டிஜி யாத்ரா' என்ற பெயரில் முகம் காட்டி உள்ளே போகும் வாசல் இருக்கிறது. அவசரமாக ஊருக்குப் போக விமானம் ஏறும் நம்மவர்கள் சிலர் அதைக் கட்டாயம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கட்டாயமில்லை. விருப்பமில்லாதவர்கள் அடையாள அட்டையும் டிக்கெட்டும் காட்டி வழக்கமான வாசலிலேயே போகலாம்.