மாமா கடை மீ கோரெங்

பிள்ளையை வெளிநாட்டில் படிக்க அனுப்பிவிட்டு இருக்கும் தாய்மாருக்கு ஒரே கவலைதான். "என்ன சாப்பிடுகிறானோ?" அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கும். வயிறாரச் சாப்பிடுகிறானா என்பது ஒன்று. ஹலாலானதைச் சாப்பிடுகிறானா என்பது மற்றையது.

எனது தம்பி மலேசியாவின் பினாங்குத் தீவில் நான்கு வருடங்கள் படித்தான். அவனது பட்டமளிப்புக்காக உம்மாவும் நானும் போயிருந்தோம். ஜோர்ஜ் டவுன் நகரில் ஒரு சிறு விடுதியில் தங்கினோம். அங்கே சமைக்க வசதியில்லை. வீதிக்கு வீதி சாப்பாட்டுக் கடைகள் இருந்தும் உம்மா எதையும் தொடவில்லை. அவரது பயத்திலும் நியாயம் இருந்தது. சீனர் கடைகளில் நூடுல்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது அங்கே பழைய வழக்கம்.

இரண்டு நாட்கள் பாணும் வாழைப்பழமுமாகக் கழிந்தன. உம்மா நீரிழிவுக்குக் குளிசை போடுபவர். இரண்டாம் நாள் மாலை கை நடுங்கி, உடல் வியர்த்து, கட்டிலில் சாய்ந்துவிட்டார். சீனி கரைத்துக் கொடுத்த பின்னர்தான் தெளிந்தார். தம்பி துடித்துப் போனான்.

"நாளைக்கு நான் சாப்பிடுற கடைக்கு வாங்க உம்மா. அங்க மீ கோரெங் நல்லா இருக்கும்."

"அது சீனச் சாப்பாடுதானே? சந்தேகமானதை விடு மகன்."

"அப்ப நாலு வருஷமா நான் சாப்பிட்டது?"

உம்மா பதில் சொல்லவில்லை. தம்பியின் முகம் வாடிவிட்டது.

மறுநாள் அஸருக்குப் பின் மூவரும் போனோம். மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி, நாலைந்து மேசைகள். தலையில் தொப்பியுடன் ஒரு முதியவர் பெரிய இரும்புத் தாச்சியின் முன் நின்றார். ஸலாம் சொல்லி, தமிழிலேயே "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். அவரது பாட்டனார் இராமநாதபுரத்திலிருந்து வந்தவராம்.

உம்மா உட்காரவில்லை. "கோபிக்காதீங்க. இது என்ன எண்ணெய்? கணவாயைத் தவிர வேறேதும் போடுறீங்களா?" என்று நேரடியாகவே கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பெரியவரோ எண்ணெய்ப் பேணியைத் தூக்கிக் காட்டினார். "பாம் எண்ணெய்ம்மா. இறைச்சி சேர்க்கிறதில்லை. நின்னு பாருங்க" என்றார்.

நாங்கள் நின்று பார்த்தோம். செத்தல் மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது முதலில் எண்ணெயில் விழுந்தது. அது மணக்கத் தொடங்கியதும் மஞ்சள் நூடுல்ஸ், அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகள், பொரித்த சோயாக்கட்டி, காரத்தில் வேகவைத்த கணவாய், பயற்றம் முளை, சோயா சோஸ் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஓரத்தில் ஒரு முட்டையை உடைத்துக் கிளறி எல்லாவற்றுடனும் கலந்தார். தீ கடைசி வரை குறையவில்லை. அடுப்பிலிருந்து இறக்கியதும் சலாது இலையைத் தூவி, பாதி வெட்டிய சிறு தேசிக்காயைப் பீங்கானின் ஓரத்தில் வைத்தார்.

முதல் வாயிலேயே உறைப்பு, இனிப்பு, புளிப்பு மூன்றும் தெரிந்தன. கிழங்கில் நம் வீட்டுக் கறியின் வாசம் இருந்தது. உம்மா மெதுவாகச் சாப்பிட்டார். பீங்கான் வெறுமையானது.

காசு கொடுக்கும்போது பெரியவர் உம்மாவிடம் சொன்னார்: "உங்க மகன் பரீட்சை நேரம் சாப்பிடாமப் படிப்பாரு. ரெண்டு நாள் வராட்டி ஆள் அனுப்பித் தேடுவேன். வந்ததும் நல்லா ஏசுவேன்."

உம்மாவின் கண்கள் கலங்கின. தம்பியின் தலையைத் தடவிவிட்டு, "எனக்குத் தெரியாதே மகன்" என்றார்.

'மீ' என்பது சீனச் சொல், நூடுல்ஸைக் குறிப்பது. 'கோரெங்' மலாய்ச் சொல். நாசி கோரெங் சாப்பிடும் நமக்கும் பழக்கமானது. பொரித்தல், வதக்கல் என்று பொருள். கறிச் சுவையைச் சேர்த்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். 1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் துறைமுகம் அமைத்த காலத்திலேயே அங்கு போய் வணிகம் செய்தவர்கள் அவர்கள். அவர்கள் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் வரலாறு 1801இலிருந்து செல்கிறது. இத்தகைய சாப்பாட்டுக் கடைக்காரரை மலாய் மக்கள் 'மாமாக்' என்று அழைப்பார்கள். அது நமது 'மாமா' என்ற சொல்லிலிருந்து வந்ததே.

ஊர் திரும்பியபின் உம்மா இதை வீட்டிலும் செய்கிறார். நாலு பேருக்கு 400 கிராம் நூடுல்ஸ், பத்துச் செத்தல் மிளகாய், இரண்டு கிழங்கு, கால் கிலோ கணவாய், இரண்டு முட்டை. நூடுல்ஸை அரைப்பதமாக அவித்து, குளிர்நீரில் அலசி வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழைந்துவிடும். ஹலால் முத்திரை பார்த்தே வாங்குகிறார்.

சகோதரிகளே, சந்தேகம் வந்தால் கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமலே ஒதுங்கியிருந்தால், கடல் கடந்த ஊரில் தன் பிள்ளைக்கு ஒரு மாமா இருந்தார் என்பது உம்மாவுக்குத் தெரியாமலே போயிருக்கும்.