பழைய மொரிஸ் மைனரின் முன்சில்லு ஏன் திடீரென மடிகிறது?

வில்கமுவவின் மேடுபள்ளமான வீதியொன்றில் வளையும் மொரிஸ் மைனரின் முன்பாரத்தை எது தாங்குகிறது என்று வாசகர் எண்ணியதுண்டா? அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இக்காரில், முன்சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் அடிமுனை, டிரனியன் எனப்படும் உலோகக் குழிக்குள் திருகப்பட்டிருப்பதால், ஸ்டியரிங் திரும்புந்தோறும் தண்டு அத்திருகுபுரியிலேயே சுழல்கிறது.

மூடியைப் பிடித்துத் தூக்கப்படும் ஊறுகாய்ப் போத்தலைக் கருதுங்கள்: மூடியின் புரி தேய்ந்திருந்தால் போத்தல் கழன்று விழும். கிரீஸ் வற்றிய டிரனியனிலும் தூசி புரியை அராவ, ஒருநாள் தண்டு பிடுங்கிக்கொள்ள, சில்லு மடிகிறது.

ஆகவே புதிய டிரனியனைத் தண்டில் கையால் திருகி, ஆட்டமின்றியும் இறுகாமலும் ஓடுகிறதா என்று பார்ப்பதே முதற்சோதனை. தேய்ந்த தண்டில் புதிய டிரனியனைப் பூட்டுவது பணத்தை வீணாக்குவதாகும். இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். இடப்புறத்துப் புரியும் வலப்புறத்துப் புரியும் எதிரெதிர்த் திசையின என்பதையும் மறக்கலாகாது.



அதிர்வை உள்வாங்கும் ரப்பர் புஷ்களை வாங்கும்போது மட்டும், பல்லாண்டு பெட்டியிலேயே இருந்த ‘பழைய அசல்’ பாகம் என்னும் பெருமை செல்லாது; பெட்டி திறக்கப்படாமலே ரப்பர் காய்ந்து வெடித்துவிடும். புதியவற்றைப் பூட்டும்போது, கார் தன் சில்லுகளில் நின்ற பின்னரே ஆணிகளை இறுதியாக முறுக்கவேண்டும். இல்லையேல் ரப்பர் முறுகிய நிலையிலேயே உழைத்து விரைவில் கிழியும்.