ஈ.சி.ஜி. நார்மல், அடுத்து எங்கே போவது?

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் வரும் காலைப் பேருந்து. நெஞ்சு படபடத்து, கை மரத்து, இப்போதே உயிர் போய்விடும் என்ற பயத்தில் பாதி வழியில் இறங்கிவிடுகிறார் ஒரு மில் தொழிலாளி. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். “ஒண்ணுமில்லம்மா, கேஸ் டிரபிள்.” அடுத்த வாரம் வேறு ஆஸ்பத்திரி, எக்கோ. அப்புறம் தாயத்து. கடைசியில் வேலையே நின்றுபோகிறது. மஞ்சப்பை நிறைய நார்மல் ரிப்போர்ட்டுகளோடு அலையும் இப்படிப்பட்டவர்களை நம் பக்கத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இதயத்திலும் தைராய்டிலும் கோளாறில்லை என்று உறுதியான பிறகும் படபடப்பு தொடர்ந்தால், அது பேனிக் எனப்படும் பீதி நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல பலன் தருவது சிபிடி என்னும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் இதற்கு அடித்தளம் போட்டார். இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. ஒரு நோட்டில் என்ன நடந்தது, என்ன நினைத்தேன், கடைசியில் என்ன ஆனது என்று எழுதச் சொல்வார்கள். ‘செத்துவிடுவேன்’ என்று இருபது முறை எழுதி, இருபது முறையும் உயிரோடு வீடு திரும்பியதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கும்போது பயத்தின் பிடி தளரும். அதோடு, முதல் நாள் பேருந்து நிலையத்தில் நிற்பது, அடுத்து ஒரே ஒரு நிறுத்தம் போவது என்று படிப்படியாகப் பழக்குவார்கள். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, சில மாதங்கள். இரண்டு முறை போய்விட்டு “பேசினா சரியாகுமா?” என்று நிறுத்துவதுதான் இங்கே நடக்கிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும்போது ‘மனநலப் பிரிவு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ‘நரம்புத் தளர்ச்சி’ என்றால் வேறு வரிசையில் நிற்பீர்கள். பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். “சிபிடி கொடுக்கும் உளவியலாளர் எந்தக் கிழமை வருவார்?” என்று கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் போகிறது. அது எந்த நாள் என்று வாசலில் ஒரு தாள் ஒட்டக்கூடப் பல இடங்களில் மனம் வருவதில்லை. விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 18-வது பிரிவுப்படி அரசிடம் மனநலச் சிகிச்சையைப் பெறுவது உங்கள் உரிமை. யாரும் போடும் பிச்சை அல்ல.

தனியாரிடம் போனால், மருத்துவ உளவியலாளரா, இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் என்ன என்று முதலில் கேளுங்கள். சில நாள் சான்றிதழ் படிப்போடு ‘கவுன்சிலர்’ பலகை மாட்டியவர்களிடம் பணத்தையும் மாதங்களையும் இழக்காதீர்கள். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகவே காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21-வது பிரிவு. கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

மாத்திரை சாப்பிடுபவர்கள் சிபிடி தொடங்கியதும் தாங்களாக அதை நிறுத்தக்கூடாது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவற்றுக்கு மருந்துதான் அடிப்படை. மறுபடியும் சொல்கிறேன்: டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ள ஒருவர் முயன்றால், போலீஸ் கேஸுக்குப் பயந்து ‘தவறி நடந்துவிட்டது’ என்று வீட்டார் மறைக்கிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது; தண்டிக்கச் சொல்லவில்லை. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அந்த எண்ணம் தலைதூக்கும்போதே மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைக்கலாம்: இலவசம், 24 மணி நேரமும், தமிழில். சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போது, மனநலப் பிரிவுக்கு வர வேண்டிய தேதியை அதில் எழுதி வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.