கொழும்பில் பார்ட்டி ரூம் பிடிக்கும் மன்னார்க் குடும்பங்களுக்கு

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்குவது கட்டுநாயக்கவில். மூன்று கிழமை லீவில் வருகிற எல்லாருக்கும் மன்னார்வரை வந்து போக நேரம் கிடைப்பதில்லை. ஆகவே நாங்கள்தான் கொழும்புக்குப் போகிறோம். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள், பிள்ளையின் புதுநன்மை, பதிவுத் திருமணம், பாடசாலைப் பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று எதுவானாலும், வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஐம்பது அறுபது பேர் இருந்து சாப்பிட ஓர் அறை வேண்டும். பெரிய கல்யாணத்துக்குக் கதிரேசன் மண்டபம், சரஸ்வதி மண்டபம் என்று பழக்கமான இடங்கள் உண்டு. சின்னக் கூட்டத்துக்கு ஹோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் தனியாக ஒதுக்கித் தரும் பார்ட்டி ரூம்தான் கதி.

முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அந்த அறையைப் பிடிக்கிறோம் என்பதே இதில் உள்ள சிக்கல். போய்ப் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நாலு படம், ஒரு மெனு, ஒரு வங்கிக் கணக்கு இலக்கம். மன்னார் நகரத்து வங்கியில் முற்பணத்தைக் கட்டி, வைப்புச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினால் ‘கொன்ஃபேர்ம்’ என்று ஒரு சொல் திரும்பி வரும். என்ன உறுதி, எத்தனை மணிவரை, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்ற எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. முற்பணம் கட்டும்வரைதான் பேரம் உங்கள் கையில். அதற்குப் பிறகு உங்களுக்குத் துணை, எழுத்தில் இருப்பது மட்டும்தான்.

விலையிலிருந்து தொடங்குவோம். ‘தலைக்கு 5,000 ப்ளஸ் ப்ளஸ்’ என்பார்கள். அந்த இரண்டு ப்ளஸ்ஸில் ஒன்று சேவைக் கட்டணம், வழக்கமாக 10 வீதம். மற்றது பெறுமதி சேர் வரி (வற்). 2024 ஜனவரி 1 முதல் அது 18 வீதம். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினாலே 5,000 என்பது 6,400 ஆகிறது. அறுபது பேருக்கு மூன்று இலட்சம் என்று நினைத்துப் போனவர் 3,84,000 ரூபா எண்ணிக் கொடுக்க வேண்டும். வேறு அறவீடுகள் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆகவே ‘எல்லாம் உட்பட ஒரு தலைக்கு எவ்வளவு’ என்று ஒரே ஒரு தொகையை எழுதி வாங்குங்கள். சேவைக் கட்டணம் அரசாங்கத்தின் வரியல்ல, கடைக்காரர் போடுவது. பேசிப் பார்க்க இடமுண்டு. வற் வரியை அதற்குப் பதிவுசெய்த நிறுவனம் மட்டுமே அறவிட முடியும். பில்லில் வற் என்று ஒரு வரி இருந்தால் பதிவிலக்கமும் இருக்க வேண்டும். அது 7000 என்று முடிகிறதா பாருங்கள். இலக்கம் இல்லையென்றால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது தலைக்கணக்கு. பார்ட்டி ரூம்காரர்கள் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றை வைத்திருப்பார்கள். அறுபது என்று சொல்லி நாற்பத்தேழு பேர் வந்தாலும் அறுபதுக்குத்தான் காசு. இதில் அநியாயம் இல்லை, அவர்கள் சமைத்துவிட்டார்கள். ஆனால் கடைசி எண்ணிக்கையை எத்தனை நாளுக்கு முன் சொன்னால் போதும், பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அரை விலையா, வான் சாரதிக்குச் சாப்பாடு உண்டா என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்ந்திருக்க வேண்டும். மன்னாரிலிருந்து வானில் வருகிற கூட்டத்தில் இரண்டு மூன்று சாரதிகளாவது இருப்பார்கள். அவர்களைக் கடைசி நேரத்தில் வாசலில் நிறுத்துவது எங்கள் வழக்கமுமல்ல.

இரவு பதினொரு மணி. கேக் வெட்டி, படமெடுத்து, பெரியவர்கள் வானில் ஏறிவிட்டார்கள். கீழே ஹோர்ன் அடிக்கிறது. அறையைப் பிடித்தவர் மட்டும் காசாளர் முன் நிற்கிறார். பில்லில் அவர் கேள்விப்படாத வரிகள்: மேலதிக ஒரு மணித்தியாலம், வெளியிலிருந்து கேக் கொண்டுவந்ததற்குக் கட்டணம், மைக், புரொஜெக்டர், மேசைத்துணி கறைபட்டதற்கு நட்டம். கையில் காசு போதாமல் கார்டை நீட்டினால் ‘கார்டுக்கு மூன்று வீதம் கூட’ என்கிறார்கள். அந்த நேரத்தில் சண்டை பிடிக்க யாருக்கும் மனம் வராது. கட்டிவிட்டுப் போவார்கள். இதை மாற்ற முடியும். கார்டுக்கு மேலதிகமாக அறவிடக் கூடாது என்பது மத்திய வங்கியின் நிலைப்பாடு. மீறினால் கார்டைத் தந்த உங்கள் வங்கிக்கே முறையிடலாம். மற்ற வரிகளில் ஒப்புக்கொண்டதை மட்டும் கட்டுவதாகச் சொல்லுங்கள். முழுவதையும் கட்டித்தான் ஆக வேண்டிய நிலை வந்தால், பில்லின் பிரதியில் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று தமிழிலேயே எழுதிக் கையொப்பமும் திகதியும் போட்டு, அங்கேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முறையிடப் போகும்போது இந்த ஒரு வரி பெரிய பலம். பற்றுச்சீட்டு கேட்டால் தரத்தான் வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. முற்பணத்துக்கும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வங்கி வைப்புச் சீட்டு அதற்கு ஈடாகாது. காசு போனதை அது காட்டும், எதற்காகப் போனது என்பதைக் காட்டாது.

எழுத்து என்றவுடன் முத்திரை ஒட்டிய ஒப்பந்தம்தான் வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, ஒரு செய்தி இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அது செல்லாததாகிவிடாது. ஆகவே தொலைபேசியில் பேசியதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகத் தொகுத்து, ‘இன்று பேசியபடி’ என்று தொடங்கி, திகதி, நேரம், அறை, தலைவிலை, மெனு, ரத்துசெய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுதி அனுப்புங்கள். ‘சரி’ என்று பதில் வந்த பிறகே காசு கட்டுங்கள். பதில் வராத இடத்தில் கட்டாதீர்கள். அவர்கள் அனுப்பும் படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒப்பமிட வேண்டாம்.

காசு கட்டும் கணக்கு தனியாள் பெயரில் இருந்தால் நில்லுங்கள். பேர்போன இடங்களின் படங்களைத் திருடிப் போலி முகநூல் பக்கம் நடத்துகிறவர்கள் உண்டு. ஹோட்டலின் நிலையான தொலைபேசிக்கு நீங்களே எடுத்து, கணக்கு இலக்கத்தைச் சரிபாருங்கள். கொழும்பில் இருக்கும் உறவினர் ஒருவரை நேரில் அனுப்பி அறையைப் பார்த்துவரச் சொல்வது இன்னும் நல்லது. ஏமாந்துவிட்டால் முதலில் வங்கிக்கு, உடனே பொலிசுக்கு.

ரத்து விஷயத்தில் மன்னாராருக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது வீதியும் ரயிலும் முடங்கின. இரு தரப்புப் பிழையுமின்றி ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமற்போனால் கடமை இரு பக்கமும் நீங்கும் என்பது எங்கள் பொதுச் சட்டத்தின் நிலை. ஆனால் மெதவாச்சி வீதியில் வெள்ளம் நிற்க, கொழும்பு அறை விளக்குப் போட்டுத் திறந்திருந்தால்? ‘நாங்கள் தயாராகத்தான் இருந்தோம், நீங்கள் வரவில்லை’ என்பார் முகாமையாளர். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். எனவே ‘மன்னாரிலிருந்து வரும் பாதை அடைபட்டால் கட்டணமின்றித் திகதி மாற்றித் தரப்படும்’ என்ற ஒரு வரியை முற்பணத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நிகழ்ச்சி வைப்பவர்கள் இதை விடவே கூடாது. மாறாக, பெரிய ஓடர் ஒன்று கிடைத்ததென்று ஹோட்டலே உங்கள் திகதியைக் கைவிட்டால், ‘முற்பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வாசகம் அவர்களைக் காப்பாற்றாது. முற்பணமும் கேட்கலாம், நட்டமும் கேட்கலாம். போயா விடுமுறையென்று திகதி குறிப்பவர்கள், அன்று மதுபானம் விற்கத் தடை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கூட்டம் என்றால் வேதக்காரர், இஸ்லாமியர், சைவர் ஒரே மேசையில் இருப்பார்கள். ஹலால் என்று வாயால் சொல்வது வேறு, சான்றிதழ் வேறு. சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சைவச் சாப்பாடு தனி என்று சொல்லிவிட்டு, மச்சக் கறிக்குப் போட்ட அகப்பையையே மரக்கறிச் சட்டியிலும் போடுகிற இடங்கள் உண்டு. பரிமாறும் மேசையும் கரண்டியும் தனியாக இருக்க வேண்டும் என்பதை மெனுவோடு சேர்த்தே எழுதுங்கள். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் குற்றம்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளாமற்போனால் பெரும்பாலும் அது தெரியவருவது மறுநாள், ஊருக்குத் திரும்பிய பிறகுதான். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்தோடு நிற்காமல், என்ன சாப்பிட்டது, எங்கே, எத்தனை பேருக்கு வருத்தம் என்பதைச் சொல்லி எழுத்தில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அந்தத் துண்டுதான் சாட்சி. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் அந்த இடத்தைச் சோதிக்கும் அதிகாரம் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) உண்டு. பி.எச்.ஐ.க்கு அன்றே தகவல் போக வேண்டும். இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் எதுவும் மிஞ்சியிருக்காது.

இன்னொன்று. போரில் காலை இழந்தவர்கள் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் மாமாவை நாலு பேர் தூக்கி மூன்றாம் மாடிக்கு ஏற்றும் காட்சி எந்தக் கொண்டாட்டத்துக்கும் அழகல்ல. பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான வசதி வேண்டும் என்று 2006இல் விதிகள் வந்தன. பின்னர் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. லிஃப்ட் உண்டா, சாய்தளம் உண்டா, கழிவறைக் கதவு எவ்வளவு அகலம் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அதே அழைப்பில் அவசர வழி எங்கே என்றும் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் செய்தும் ஏமாற்றம் நேர்ந்தால் முறையிடும் இடம் தூரத்தில் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்ட அலுவலகம் மன்னார்க் கச்சேரியில் உண்டு. தொலைபேசி 1977. சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்பது, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியதாகவே சட்டம் கொள்கிறது. விசாரித்து, காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை உத்தரவிடலாம். கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம். ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையைக் கண்டு தயங்க வேண்டாம். கவலையீனத்தால் ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பை ஒரு பலகையால் கழற்றிவிட 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் விடாது. மத்தியஸ்த சபையும் உண்டு. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் பெரும்பாலும் எதிர்த்தரப்பு இருக்கும் கொழும்புப் பக்கமே அலைய வேண்டிவரும். அதனால் முதலில் கச்சேரிக்குப் போவதே சுலபம்.

முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். தமிழில் எழுதலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை. பில், பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகளின் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்கள் திரும்பிப் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள்.